கால் எட்டாத இடம்

சீனுவாசன் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற மனிதர். திண்டிவனத்தில் இருந்த வரைக்கும் அது யார் கண்ணிலும் படவில்லை. அங்கே தண்ணீர் என்பது தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்துக் கிடந்து பிடிப்பது. அதில் யார் விழப் போகிறார்கள்? ஆனால் எண்பத்து நான்காம் வருஷம் தை பிறந்த கையோடு அவரைப் பொம்மையார்பாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக மாற்றிப் போட்டார்கள். கிடைத்த வாடகை வீடோ செம்மண் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கடல்.

சாமான் இறக்கிய அன்றைக்கே மனைவி அம்சாவையும் மூன்று பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். கடலைப் பார்க்கலாம். மணலில் விளையாடலாம். கணுக்கால் நனையலாம், முட்டி நனையக் கூடாது. மூத்தவள் கலையரசி தலையாட்டினாள். நடுவுள்ளவன் நெடுமாறன், அலை தானாக வந்து முட்டியில் அடித்தால் என்ன செய்வது என்று கேட்டான். அடிப்பதற்கு முன்னால் ஓடி வந்துவிட வேண்டும் என்றார் அப்பா. கடைக்குட்டி பொற்கொடிக்கு நாலு வயசு. அவள் தன் முட்டி எது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அம்சாவுக்குக் காரணம் தெரியும். சீனுவாசனுக்கு நடராசன் என்று ஒரு தம்பி இருந்தான். ஐப்பசி மழைக்கு ஏரி தளும்பிக் கிடந்த சமயம் மாடு கழுவ இறங்கினவன் ஏறி வரவில்லை. நீச்சல் தெரியாமல் கரையில் நின்று கூப்பாடு போட்டவர் சீனுவாசன்தான். அப்போது அவரும் பையன்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இதை அம்சாவிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போய்க் கொல்லையில் வெகுநேரம் நின்றார். அன்றைக்கு அம்சா தன் நாக்கு நுனிக்கு வந்த ஒரு சங்கதியை விழுங்கிக்கொண்டாள். தனக்கு நீச்சல் தெரியும் என்பதுதான் அது.

ஏதோ தெரியும் என்கிற மாதிரி இல்லை. திண்டிவனத்துக்கு மேற்கே அவள் பிறந்த ஊரில், மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் இறைக்கிற அப்பாவின் கிணறு பெரிய கிணறு. அதன் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து அடிவரைக்கும் போய்க் கை நிறையக் களிமண் அள்ளிக்கொண்டு வருவாள். அவளுடைய அண்ணன்மார் பாதியிலேயே மூச்சு முட்டி மேலே வந்துவிடுவார்கள். பெரிய மனுஷியானதும் குதிப்பதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினாள். கல்யாணத்தோடு அது மறந்தே போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை வந்து பள்ளிக்கூடம் மூடியதும் வீடு இரண்டுபட்டது. பாண்டிச்சேரியில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்களாம், ராட்டினம் இருக்கிறதாம் என்று நெடுமாறன் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தான். கூட்டத்தில் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று சீனுவாசன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. இரண்டு நாள் பார்த்தாள் அம்சா. மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு தூக்குவாளியில் கேப்பைக் கூழும் இன்னொன்றில் வேகவைத்த மல்லாட்டைக் கடலையும் எடுத்துக்கொண்டு மூன்றையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் வீடு தங்கினால்தானே? காலையில் மணல். நண்டு வளைக்குள் காய்ந்த வெள்ளை மணலைப் போட்டுவிட்டு, அந்த வெள்ளைத் தடம் போகிற வழியே தோண்டிக்கொண்டு போனால் நண்டு அகப்படும் என்பதை மீனவப் பிள்ளைகளிடம் கலையரசி கற்றுக்கொண்டாள். அகப்பட்ட நண்டைப் பிடிக்கத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. எல்லோரும் சுற்றி நின்று அதற்கு வழிவிட்டார்கள். வெயில் ஏறினால் தோப்புக்குள் சவுக்குச் சருகு மெத்தையில் புரளுவது. சாயங்காலம் செம்மண் மேட்டில் மழை அரித்த ஓடைகளுக்குள் பனை மட்டையில் உட்கார்ந்து சறுக்குவது. சறுக்கிச் சறுக்கி நெடுமாறனின் டிராயரின் பின்பக்கம் செங்காவி ஏறி, எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. பொற்கொடி சிப்பி பொறுக்கினாள். அழகானது அழகில்லாதது என்கிற பாகுபாடெல்லாம் அவளிடம் இல்லை, கண்டதையெல்லாம் பொறுக்கினாள். வீட்டில் அரிசிப் பானையைத் திறந்தால்கூட ஒரு சிப்பி கிடந்தது.

கம்பவுண்டரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட ரப்பர் கையுறைகளை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து ஊதிக் கட்டிக் கொடுத்தார். ஐந்து விரலை விரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பலூனுக்காக ஊர்ப் பிள்ளைகள் முழுக்க அவர் வீட்டு வாசலில் வந்து நின்றன. கன்னம் வலிக்க வலிக்க ஊதினார். அவருக்கும் சந்தோஷம்தான்.

எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் அம்சாவை உறுத்திக்கொண்டே இருந்தது. மீனவப் பிள்ளைகள் மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு அலையோடு சறுக்கி வந்து மணலில் விழுவார்கள். அதைப் பார்த்தபடி அவள் பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கும். அலை வந்தால் பின்னால் ஓடும், அலை போனால் முன்னால் வரும். பக்கத்துக் குடிசை அஞ்சம்மாள் ஒருநாள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா கம்பவுண்டரம்மா, புள்ளைங்கள ஆட்டுக்குட்டி கணக்கா கரையில கட்டிப் போட்டுக்கினு இருக்கிற?” என்றாள்.

அவருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது என்று அம்சா சொன்னாள். காரணத்தைச் சொல்லவில்லை.

“அவருக்கு ஆவாது, சரி. கடலு உங்க ஊட்டு வாசல்ல கெடக்குது. இன்னிக்கு நீ காவலுக்கு நிக்கிற. நீ இல்லாத அன்னிக்கு இதுங்க எறங்காதுன்னு இன்னா நிச்சயம்? நீஞ்சத் தெரியாத புள்ளையத்தான் கடலு இழுக்கும்.”

அந்தப் பேச்சு அம்சாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, எந்த இடத்தில் இறங்கினால் இழுப்பு இருக்காது என்று அஞ்சம்மாளிடம் கேட்டாள். கட்டுமரங்கள் ஏற்றிப் போட்டிருந்த இடத்துக்குத் தெற்கே கையைக் காட்டினாள் அஞ்சம்மாள். கோடையில் அங்கே கடலுக்குள் ஒரு மணல் திட்டு எழும்பும். அலையெல்லாம் அந்தத் திட்டில் உடைந்துவிடும். உள்பக்கம் ஒரு பள்ளத்தில் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். காற்று எழும்புகிற வரைக்கும் பயமில்லை என்றாள். ஆனால் அம்சா யாருக்காகக் கேட்கிறாள் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் சீனுவாசன் சைக்கிளில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அம்சா புடவையைத் தாறு பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளை அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார வைத்தாள். அந்தப் பள்ளத்துக்குள் இடுப்பளவு வரைக்கும் நடந்து போனாள்; அப்புறம் தரையிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

மறந்து போயிற்று என்று நினைத்ததெல்லாம் கையிலும் காலிலும் பத்திரமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் மிதக்க ஓயாமல் காலை உதைக்க வேண்டும். இந்த உப்புத் தண்ணீரோ தானே ஏந்திக்கொண்டது. முழுகி எழுந்தாள், ஒருக்களித்து நீந்தினாள், மல்லாந்து கிடந்தாள். கண்ணுக்கு நேரே வானம் மட்டும்தான். வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பி வந்து, வாயைத் திறந்தவுடன் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று. கரையில் பொற்கொடி, அம்மா போகிறாள் என்று அழுதாள். நெடுமாறன் அழவில்லை. இது தன் அம்மாதானா என்று அக்காளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே பாடம் ஆரம்பமாயிற்று. அஞ்சம்மாள் இடுப்பில் ஒரு கயிற்றோடு கரையில் காவல். தெரிந்த ஒரு தோட்டத்திலிருந்து காய்ந்த சுரைக்குடுக்கைகள் வாங்கி வந்து பிள்ளைகள் முதுகில் கட்டினாள் அம்சா. கலையரசி ஒரே வாரத்தில் குடுக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். நெடுமாறன் நீந்துகிறேன் பேர்வழி என்று தண்ணீரை அடித்த அடியில் நகர்ந்தது கொஞ்சம், நனைந்தது சுற்றி நின்றவர்கள். பொற்கொடி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் சவாரி செய்தாள். தனக்கும் நீச்சல் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அம்சா கட்டளை போடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நிற்க வைத்து உப்புப் போகத் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவித் தலை வாரினாள். அதிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. சீனுவாசனுக்கும் ஏதோ வித்தியாசம் தட்டுப்படத்தான் செய்தது. பிள்ளைகள் முன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்களே என்று யோசித்து, வயிற்றில் பூச்சி இருக்கும் என்று முடிவு கட்டி, மூவருக்கும் பூச்சி மருந்து கொடுத்தார். கசப்பு மருந்தைக் குடித்துவிட்டுப் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அம்சா அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் மனசு கனத்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அதைத்தான் தினமும் மீறிக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சம்மாளின் புருஷன் பெரியதம்பி வந்து கம்பவுண்டரைக் கூப்பிட்டார். அவர் காலில் தைத்த கெளிற்று மீனின் முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டு ஆற்றியவர் சீனுவாசன்தான். இன்றைக்குக் கரைவலை இழுக்கிறோம், குடும்பத்தோடு வந்து ஒரு கை பிடிக்க வேண்டும், கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு என்றார். தட்ட முடியாமல் போனார் சீனுவாசன்.

கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்க வேண்டும். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் பிடித்திருந்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தார்கள். கடைசி ஆள் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடி வந்து முதல் ஆளாக நிற்க வேண்டும். சீனுவாசன் முதலில் மணல் பக்கமே நின்றார். கை எரிந்தது, சட்டை நனைந்தது. இரண்டு முறை சுற்றி வந்ததும் அவருக்குப் பாட்டு பிடிபட்டுவிட்டது. மூன்றாம் முறை பெரியதம்பியைவிட உரக்கப் பாடினார். பிள்ளைகள் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

மீன் சேருகிற வலையின் மடி கிட்டே வந்தது. தண்ணீருக்குள் வெள்ளி கொதிக்கிற மாதிரி மீன் துள்ளியது. இழு இழு என்று கூட்டம் முன்னால் நெருங்கியது, சீனுவாசனும் நெருங்கினார். கணுக்கால் நனைந்தது. கெண்டைக்கால் நனைந்தது. அவருக்குத் தெரியவில்லை, கண்ணெல்லாம் மீனில் இருந்தது. அவர் முட்டி நனைந்ததை அம்சா பார்த்தாள். கூப்பிட வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரிய அலை திட்டைத் தாண்டி வந்து கயிற்று வரிசையை ஒரு உலுக்கு உலுக்கியது. மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சீனுவாசன் விட்டுவிட்டார். அலை அவரை உருட்டி, பக்கத்தில் பிள்ளைகள் நீச்சல் பழகிய பள்ளத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டது.

அவர் கையைத் தூக்கினார், முழுகினார், கத்தினார், தண்ணீரைக் குடித்தார். அம்சா கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள். அவளுக்கு முன்னால், பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்ற கலையரசி எதையும் யோசிக்காமல் பாய்ந்துவிட்டாள். தவளை மாதிரி நாலு வீச்சு. அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

“அப்பா, கால ஊனுங்க. உங்களுக்கு எட்டும்.”

அவர் காலை ஊன்றினார். எட்டியது. தண்ணீர் மார்பளவுதான். இருமிக்கொண்டே நிமிர்ந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். கலையரசியின் கால் தரையைத் தொடவில்லை. கையை மெல்ல அசைத்துக்கொண்டு, காலை மெல்ல மிதித்துக்கொண்டு, தலை நிமிர்த்தி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பயமே இல்லாமல் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் அம்சாவும் நீந்தி வந்து சேர்ந்தாள். சீனுவாசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கரையேறி, வேட்டியைப் பிழிந்துகொண்டு தோப்பைப் பார்த்து நடந்தார்.

வலை ஏறியது. நல்ல மீன்பாடு. அஞ்சம்மாள் கூடை நிறைய நெத்திலியும் நாலைந்து வாளையும் அள்ளிக் கொடுத்தாள். கொண்டாட்டத்துக்கு நடுவே அம்சாவின் பிள்ளைகள் மட்டும் அம்மாவின் பின்னாலேயே வீட்டுக்கு வந்தன. குழம்பு கொதித்தது, மணந்தது. சீனுவாசன் சாப்பிட வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் அம்சா ஒரு டம்ளர் டீயோடு தோப்புக்குப் போனாள். ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சருகைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். டீயை வாங்கிக்கொண்டார்.

“யாரு கத்துக் குடுத்தது?”

“நான்தாங்க.”

“உனக்கு?”

“எங்க ஊரு கெணத்துல. சின்னதுலயே.”

“இத்தினி வருசத்துல ஒரு வார்த்த சொல்லல.”

“நடராசன் தம்பி சேதிய நீங்க சொன்ன அன்னிக்கே சொல்ல வந்தேன். எனக்கு நீஞ்சத் தெரியும்னு அந்நேரத்துல சொன்னா, உங்களக் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடுமேன்னு முழுங்கிக்கினேன். அப்புறம் சொல்றதுக்கு வேளையே வரல.” அவளும் ஒரு சருகைக் கிள்ளிப் போட்டாள். “இப்ப செஞ்சது அப்பிடி இல்ல. உங்களக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவீங்க. அதான் கேக்கல.”

சீனுவாசன் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். டீ ஆறிப்போயிற்று. கோபம் வரும் என்று அம்சா காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவோடுதான் வந்திருந்தாள்.

“கோவந்தான் எனக்கு,” என்றார் அவர். “அது பாட்டுக்கு இருக்கட்டும். காலு அதுக்கு எட்டல அம்சா. நான் குனிஞ்சி பாத்தேன். எட்டவேயில்ல. எட்டாத எடத்துல நின்னுக்கினு எனக்கு தைரியம் சொல்லுது.” அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் தோள் குலுங்கியது. “இதே மாரி ஒருத்தரு அன்னிக்கு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருந்தா...”

அம்சா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சவுக்குக்குள் காற்று இரைந்துகொண்டிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்ட சீனுவாசன், இந்த வயசில் தனக்கு நீச்சல் வருமா என்று கேட்டார். எங்கள் ஊர் எருமைக்கே வருகிறது என்றாள் அவள். அவர் எழுந்தார். வாளைக் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. கம்பவுண்டர் முண்டா பனியனோடும் மடித்துக் கட்டிய வேட்டியோடும் பள்ளத்துக்குள் இறங்கினார். முட்டி நனைந்தபோது நின்றார். நெடுமாறன் முன்னால் போய்க் கையை நீட்டினான். இடுப்பு நனைந்தபோது திரும்பிவிடலாமா என்று யோசித்தார். அஞ்சம்மாள், ஊசி போடும்போது எங்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கரையிலிருந்து கேட்டாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று அவர் தினமும் சொல்வது ஊருக்கே தெரியும். கரை முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார்.

நீந்த வரவில்லை. காலை உதைத்தால் கை நின்றது, கையை வீசினால் கால் நின்றது. நெடுமாறன் ரொம்பப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான்; அப்புறம் பொறுமை இழந்து, ரொம்பப் பேஜாரு பண்றீங்கப்பா என்று சொல்லிவிட்டான். கடைசியில் அம்சா அவரை மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள், முதுகுக்குக் கலையரசி, காலுக்கு நெடுமாறன். விறைத்துக் கிடந்த உடம்பு மெல்ல மெல்லத் தளர்ந்தது. முதலில் நெடுமாறன் கையை எடுத்தான், அப்புறம் கலையரசி. அம்சா ஒற்றை விரலை மட்டும் அவர் பிடரியில் வைத்திருந்தாள். பிறகு அதையும் எடுத்துவிட்டாள்.

சீனுவாசன் மிதந்தார். காது தண்ணீருக்குள், கண் வானத்தில். வயிறு மட்டும் கவிழ்த்து வைத்த பானை மாதிரி வெளியே தெரிந்தது. சின்னச் சின்ன அலை வந்து தூக்கியது, இறக்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை இத்தனை வருஷக் குடித்தனத்தில் அம்சா கண்டதில்லை. அவர் அருகிலேயே அவளும் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மேட்டுத் தெரு வெங்கடாசலம் இருமிக்கொண்டே மணலில் இறங்கி வந்தார். வீட்டில் போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை, கம்பவுண்டர் இங்கே இருப்பதாக வழியில் சொன்னார்கள், இருமலுக்கு மருந்து வேண்டும் என்றார். கரையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். சீனுவாசன் காதில் விழவில்லை. தண்ணீர் ஓரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பொற்கொடிதான் பதில் சொன்னாள்.

“அப்பா வேலையா இருக்காங்க. நாளைக்கு வாங்க.”

வெங்கடாசலம் தண்ணீரில் கிடந்த கம்பவுண்டரையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார். இருமலை அடக்கிக்கொண்டு, துண்டை உதறி மணலில் விரித்து, அவரும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.